ஃபேசர் பெடலுக்குத் தமிழ்ச்சொல்: 'கட்டமாற்றி' போதுமா?

வணக்கம் அண்ணே,

சுங்கை சிப்புட்டில் கித்தார் பெடல் பழுதுபார்ப்பவர்களுக்கான கையேட்டில், ஒலியைச் சுழல்வதுபோல் கேட்கவைக்கும் ஃபேசர் பெடலைக் 'கட்டமாற்றி' என்று எழுதியிருக்கிறோம். இயற்பியல் பாடத்தில் 'கட்ட வேறுபாடு' ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக விளக்க வேண்டியதில்லை. எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் ஃபேஸ் 90 என்ற ஃபேசரை 'நான்கு கட்டக் கட்டமாற்றி' எனலாமா?

---

தம்பி,

அப்படி வேண்டாம். முதல் 'கட்டம்' சுற்றின் அடுக்கு, இரண்டாவது அலையின் நிலை. படிப்பவர் குழம்பிப்போவார். அடுக்கைப் 'படி' என்போம். ஃபேஸ் 90 நாற்படி, ஃபேஸ் 45 இருபடி.

'மாற்றி'யும் எனக்கு ஒப்பவில்லை. ஒலிக்கலவை மிக்சரில் அலையைத் தலைகீழாக்கும் பொத்தானையும் அப்படித்தான் சொல்வார்கள். அதை அழுத்தினால் இந்தச் சுழலும் ஒலி வராது. ஃபேஸ் 90-இல் கித்தார் ஒலி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேரே போகிறது, மற்றது நான்கு படி கடந்து வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில், எதிர்க்கட்டத்தில் இருக்கும் அதிர்வெண்கள் அடிபட்டுப் பள்ளம் விழுகிறது. நான்கு படிக்கு இரண்டு பள்ளம். மேல் பள்ளத்தின் அதிர்வெண் கீழ்ப் பள்ளத்தைப் போல் ஏறக்குறைய 5.8 மடங்கு. ஒலியைச் சற்றே தாமதித்துக் கலக்கும் ஃபிளாஞ்சர் பெடலில் பள்ளங்கள் சீப்புப் பல்லாகச் சம இடைவெளியில் நிறைய விழும். ஃபேசரின் ஒலி அதைவிட மென்மையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

பள்ளம் நகர்ந்தால்தான் சுழற்சி காதில் விழும். மெதுவான ஓர் ஊசல் சுற்று அதை மேலும் கீழும் ஓட்டுகிறது. நேரொலிப் பாதையைத் துண்டித்தால் பள்ளம் மறைந்து சுருதி மட்டும் அசையும். யூனிவைப் என்ற பழைய ஃபேசர் வகைப் பெட்டியில் இதற்கென்றே சுவிட்ச் உண்டு. ஊசலைச் சொல்லாத பெயர் அரைகுறைதான். என் பரிந்துரை: கட்ட ஊசலி.

---

அண்ணே, 'கட்ட ஊசலி' நாவுக்கு எளிது, ஏற்கிறோம். 'ஒலி வருகிறது, சுழற்சி இல்லை' என்ற பழுதுக்கு என்ன எழுதலாம்?

---

முதலில் சார்புத் திருகு. சுற்றுப் பலகையில் இருக்கும் சின்ன டிரிம்பாட், அதாவது திருகிச் சரிசெய்யும் மின்தடைதான் அது. பழைய இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டு, வேகக் குமிழை நடுவில் வைத்து, பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஓரிடத்தில் சுழற்சி செத்துவிடும். நடுவே ஏற்றமும் இறக்கமும் சமமாகக் கேட்கும் இடம் மிகக் குறுகலானது, அவசரப்பட்டால் தாண்டிப்போகும். நம் ஊர் ஈரத்தில் திருகின் தடமும் அரித்துப்போகும். தொட்டாலே கரகரத்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

திருகு சரியாக இருந்தும் பள்ளம் ஆழமில்லை என்றால், நான்கு ஜேஃபெட்டும் (படிக்கு ஒன்றாக இருக்கும் டிரான்சிஸ்டர்கள்) ஒத்துப்போகவில்லை. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஜேஃபெட்டுக்கு டிரெயின், கேட், சோர்ஸ் என மூன்று கால். 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையில் டிரெயின், எதிர்முனையில் கேட். சோர்ஸிலிருந்து எதிர்முனைக்கு 10 கிலோ ஓம் மின்தடை. அந்த மின்தடையின் இரு முனையிலும் மீட்டரை வைத்துப் படியுங்கள். நான்கும் 0.05 வோல்ட்டுக்குள் நெருங்கியிருந்தால் நல்லது. விரல் சூடு பட்டாலே எண் நகரும். சொருகிய பின் எண் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும், மின்விசிறிக் காற்றும் நேரே படக்கூடாது.

இன்னொன்று: ஃபேஸ் 90-இன் முதல் பெட்டிகளில் பெயர் கையெழுத்துப் பாணியில் இருக்கும், பின்வந்தவற்றில் கட்டை எழுத்து. கட்டை எழுத்துப் பெட்டியில் ஒரு பின்னூட்ட மின்தடை கூடுதல், அதனால் ஒலி கூர்மையாகிச் சற்று முரடாகும். அதைப் பழுது என்று கையேட்டில் சேர்த்துவிடாதீர்கள்.