கப்பலில் ஃபார்மல் நைட்: 15 வயதுப் பெண்ணுக்கும் 17 வயதுப் பையனுக்கும் என்ன எடுக்கலாம்?

கோவைத்தென்றல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து கப்பலில் போகிறோம். ராயல் கரீபியன், ஐந்து இரவு, நடுவில் பினாங்கும் புக்கெட்டும். எங்களுக்குக் கப்பல் பயணம் இதுதான் முதல் முறை. டாலஸில் இருக்கும் என் நாத்தனார் குடும்பமும் சிங்கப்பூரில் வந்து சேர்ந்துகொள்கிறது. டிக்கெட், விசா எல்லாம் முடிந்துவிட்டது. உடை விஷயம் மட்டும்தான் இழுத்துக்கொண்டே போகிறது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு வர வேண்டுமாம். நாத்தனார் மகள் தரையைத் தொடும் கவுன் போட்டுப் பார்த்த படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். அவள் தம்பிக்குக் கறுப்பு கோட், கழுத்தில் போ டை. அதைப் பார்த்ததிலிருந்து என் மகள் சரியாகவே பேசுவதில்லை. இந்த ஒரு வருடத்தில் மடமடவென்று வளர்ந்துவிட்டாள். தீபாவளிக்கு எடுத்த உடையே கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. கவுன் எடுக்கலாமா என்றால் "எனக்கு அது நல்லா இருக்காதும்மா" என்கிறாள். பட்டுப்பாவாடை என்றால் "அங்க நான் மட்டும் இப்படி நிக்கணுமா" என்கிறாள். நேற்று ராத்திரி, "நீங்க எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க, நான் ரூம்லயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். எனக்கு அது மனசை அறுக்கிறது.

மகன் கோட் போட மாட்டேன் என்கிறான். காரணம் கேட்டால் சொல்வதில்லை. என் வீட்டுக்காரர் கிராஸ்கட் ரோட்டில் வாடகைக்கு எடுத்துவிடலாம் என்கிறார்.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். கப்பலில் கோட்டும் கவுனும் கட்டாயமா? நம் உடையில் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா? பெட்டியில் கசங்கினால் அங்கே அயர்ன் பண்ண முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்வாசி

கட்டாயம் இல்லை, முதலில் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அன்றைக்குப் பெரிய டைனிங் ரூமில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்குத்தான் அந்த ஏற்பாடு. மேல்தளத்தில் விண்ட்ஜாமர் என்று பஃபே இருக்கும், அங்கே சாதாரண உடையில் போய்ச் சாப்பிடலாம். டைனிங் ரூமிலும் முழுக்கைச் சட்டை, பேண்ட் போட்டு வந்தவரை வாசலில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. நீச்சல் உடை, கையில்லாத பனியன், தொப்பி, வெறுங்கால், இவைதான் ஆகாது.

எந்த இரவு என்ன உடை என்பது அவர்களுடைய ஆப்பில் வந்துவிடும். நான்கைந்து இரவுப் பயணத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபார்மல் இரவுதான்.

கப்பல் நிறுவனத்தைப் பொறுத்தும் மாறும். குனார்ட் கப்பல்களில் காலா இரவு (அவர்களுடைய ஃபார்மல் இரவு) என்றால் ஆறு மணிக்கு மேல் கோட், டை என்று கண்டிப்பு அதிகம். அவர்களே தேசிய உடை அணிந்து வரலாம் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். நார்வீஜியனில் ஃபார்மல் இரவு என்ற கட்டாயமே கிடையாது. நீங்கள் போவது நடுத்தரம். அதுவும் சிங்கப்பூரில் ஏறும் கப்பல். அன்றைக்கு மாலை லிஃப்ட் பக்கம் நின்று பாருங்கள், சேலை, சீனர்களின் செங்சாம், மலாய்க்காரர்களின் கபாயா, மெழுகுச் சாய வேலை செய்த பாத்திக் சட்டை எல்லாம் கடந்து போகும். உங்களை யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

ஊசியும்நூலும்

தங்கச்சி, நான் ஈரோட்டில் தையற்கடை வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள் இதே வயதில் இருந்தபோது நாங்களும் குடும்பமாகக் கப்பலில் போனோம். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் மகள். "எனக்கு நல்லா இருக்காது" என்று ஒரு பெண் சொன்னால் நான் ஏன் என்று கேட்பதில்லை. எந்த இடத்தில் இடிக்கிறது என்று கேட்பேன். என் கடைக்கு அம்மாவோடு வரும் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கை திறந்திருப்பது பிடிக்கவில்லை, இல்லை இடுப்பைப் பிடிப்பது பிடிக்கவில்லை, இல்லை முதுகு. அதை அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ரெடிமேட் கவுனில் பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். சின்னம்மா மாதிரி பக்கத்தில் இருக்கும் யாராவது தனியாக உட்கார வைத்துக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள்.

நான் தைப்பதாக இருந்தால் தரை வரைக்கும் நீளப் பாவாடை ஒன்று, மேலே தனியாக ஒரு டாப், இப்படித்தான் தைப்பேன். பார்ப்பவர்களுக்குக் கவுன் மாதிரியே தெரியும். போடுகிற பெண்ணுக்குப் பாவாடை சட்டையின் சௌகரியம். பாவாடைக்குக் கனமான கிரேப் துணி, ஏ-லைன் வெட்டு, கரும்பச்சை அல்லது மெரூன். 44 அங்குல அகலத் துணியில் உங்கள் மகள் உயரத்துக்கு நான்கு மீட்டர் எடுங்கள். லைனிங் தனி. இடுப்பில் முன்பக்கம் தட்டையான பட்டி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். சாப்பிட்ட பிறகு இறுக்காது, முன்னால் சுருக்கமும் தெரியாது. கீழே மூன்று அங்குலம் உள்ளே மடித்து ஹெம்மிங் செய்யச் சொல்லுங்கள். வளர்கிற பெண், அடுத்த வருடம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

வலது பக்கத் தையலில் ஒரு பாக்கெட் கட்டாயம் வேண்டும். கப்பலில் அறையைத் திறக்க, கீழே இறங்கி ஏற, கடையில் வாங்க எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைதான். கவுன் போட்ட பிள்ளைகள் அந்த அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அலைவார்கள், இல்லையென்றால் அம்மா பையில் போட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் தேடி வருவார்கள். என் மகள் பாவாடையில் பாக்கெட்டை ஆறரை அங்குல ஆழத்துக்கு வைத்தேன், அட்டையும் போனும் உள்ளே இருந்தன. அன்று படமெடுக்கும்போது இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூனி நிற்கிற வயது அது. அந்த நிமிர்வுக்காகவே நான் இன்றைக்கு வரை இந்த வயதுப் பெண்கள் யார் வந்தாலும் கேட்காமலேயே பாக்கெட் வைத்துக் கொடுக்கிறேன்.

அடர் நிறம் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பயணத்தில் மாதத் தேதி முன்னே பின்னே தள்ளும். வெளிர் நிறத்தில் போய் உட்கார்ந்தால் அந்தப் பெண் சாப்பாட்டைக் கவனிக்க மாட்டாள், எழுந்திருக்கும்போது பின்னால் என்ன ஆச்சோ என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பாள்.

அயர்ன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் போகும் கப்பலில் அயர்ன் பாக்ஸ் கொண்டுபோகக் கூடாது, தீ பயம். கையில் பிடிக்கும் ஸ்டீமரும் அப்படித்தான், ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காசு கொடுத்தால் அவர்களே பிரஸ் பண்ணித் தருவார்கள், ஆனால் அன்றைக்கு எல்லோரும் கொடுப்பார்கள். அதனால்தான் கிரேப் என்றேன். முந்தின இரவே ஹேங்கரில் மாட்டி, எல்லோரும் சுடுதண்ணீரில் குளித்து முடித்த குளியலறையில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் மடிப்பு தானாக இறங்கிவிடும். காட்டன், லினன், ரா சில்க் இறங்காது. சாட்டின் வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திட்டாகத் தெரியும். உள்ளே விறைப்பான வலைத்துணி (கேன்கேன்) வைத்த கவுன் ஒன்றே பாதிப் பெட்டியை அடைத்துக்கொள்ளும்.

பழைய காஞ்சிபுரம் சேலை இருக்கிறதே, அதை வெட்டித் தைக்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஜரிகை மடிப்பில் உடையும், கனமும் அதிகம். அதை வெட்டாமல் வையுங்கள், நாளைக்கு அவளே கட்டுவாள்.

இப்போது தம்பி. வாடகைக் கோட் வேண்டாம். விமானத்தில் போய் வர எப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் கையில் இருக்க வேண்டும், அத்தனை நாளுக்கும் வாடகை ஏறும், கறை பட்டால் அதற்கும் கொடுக்க வேண்டும். வாடகைக் கடையில் அந்த வயதுப் பையன்களுக்குத் தோள் சரியாக அமைவதும் கஷ்டம். கோட்டில் கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோளை மட்டும் அவ்வளவு சுலபமாகச் சரிசெய்ய முடியாது. தோள் தையல் எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கினால் அப்பா கோட்டைப் போட்டுக்கொண்ட மாதிரிதான் இருக்கும். அவன் வேண்டாம் என்பதற்கு இதுவேகூடக் காரணமாக இருக்கலாம்.

அதற்குப் பதில் கறுப்பு பேண்ட், நல்ல வெள்ளை முழுக்கைச் சட்டை, மேலே கைகள் இல்லாத நேரு ஜாக்கெட். ஜாக்கெட்டும் அவன் தங்கச்சி பாவாடையும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் படத்தில் அண்ணன் தங்கை என்று அழகாகத் தெரியும், முழுசாக ஒன்றாக வேண்டாம். பேண்டில் கீழே இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இதே உடுப்பைக் கல்லூரி இன்டர்வியூவுக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் போடலாம். துணியும் கூலியும் சேர்த்து எங்கள் ஊர்க் கணக்குக்கு இரண்டு பேருக்கும் உங்கள் பத்தாயிரத்தில் காலணிக்கும் மிச்சம் வரும்.

கோவைத்தென்றல்

அக்கா, உங்கள் பதிலை அப்படியே மகளிடம் படிக்கக் கொடுத்தேன். முதுகுதானாம். பள்ளி ஆண்டு விழாவில் பின்கழுத்து இறங்கிய உடை போட்டபோது யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், இத்தனை நாள் என்னிடம் சொல்லவே இல்லை. கழுத்து ஏறிய டாப், முழங்கை வரை கை, பாக்கெட் வைத்த பாவாடை என்றால் சரி என்கிறாள். நிறம் அவளே எடுக்கிறாளாம். இன்று மாலை ஒப்பணக்காரத் தெருவுக்குப் போகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஹீல்ஸ் வேண்டுமா? மகனுக்கு நேரு ஜாக்கெட்டும் பிடிக்கவில்லை என்றால் வேறு என்ன செய்யலாம்?

கேஎல்பொண்ணு

ஆன்டி, நான் கோலாலம்பூர், வயது 20. பதினாறு வயதில் அப்பா அம்மாவோடு இதே மாதிரி கப்பலில் போனேன். உங்கள் மகள் வயதுக்கு நெருக்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

அந்த உடையில் அவள் இருக்கப்போவது அதிகபட்சம் மூன்று மணி நேரம். படம், சாப்பாடு, ஷோ. அதன்பிறகு டீன்ஸ் கிளப்புக்கு ஓடிவிடுவாள், அங்கே எல்லோரும் ஜீன்ஸ், டி-ஷர்ட்தான். டாலஸ் கசின்களும் கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். இதை முன்பே சொல்லி வையுங்கள், பாதி பயம் போய்விடும். எனக்கு யாரும் சொல்லவில்லை, ராத்திரி முழுக்க இப்படியே இருக்க வேண்டுமோ என்று முதல் நாளிலிருந்தே கவலையாக இருந்தது.

அவள் அண்ணனுக்கு நீளக்கை பாத்திக் சட்டை. எங்கள் நாட்டில் கோட்டுக்குச் சமமாக அதைத்தான் ஏற்றுக்கொள்வார்கள், பெரிய விருந்துகளின் அழைப்பிதழிலேயே அப்படிப் போட்டிருக்கும். கறுப்பு பேண்ட்டோடு போட்டால் கம்பீரமாக இருக்கும், டை வேண்டாம், வேர்க்காது. சிங்கப்பூரில் ஏறுவதற்கு முன் கம்போங் கிளாம் பக்கம் போனால் பாத்திக் கடைகள் இருக்கின்றன. பினாங்கிலும் வாங்கலாம். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடந்து போகிற தூரம்தான், துணிக்கடைகள் நிறைய. ஆனால் ஃபார்மல் இரவு பினாங்குக்கு முன்னாலேயே வந்துவிடலாம், ஆப்பில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், ஆன்டி. அங்கங்கே திரை கட்டிப் படமெடுப்பார்கள். நிற்பதற்குக் காசு இல்லை, வாங்கினால்தான் காசு, விலையும் அதிகம். அவள் விரும்பினால் மட்டும் நிற்கட்டும். "இன்னும் ஒண்ணு, சிரி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

ஊசியும்நூலும்

கேஎல் பொண்ணு சொன்ன பாத்திக் நல்ல யோசனை. அதையே செய்யுங்கள் தங்கச்சி, பையனுக்குப் பிடித்தால் சரி.

குச்சி ஹீல்ஸ் வேண்டாம். கப்பல் லேசாக ஆடினாலும் கால் பிசகும். சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட்டுக்குக் கூட்டம் நிற்கும், படியேறித்தான் போக வேண்டியிருக்கும். ஒன்றரை அங்குலக் கட்டை ஹீல்ஸ், பின்னால் பட்டி வைத்தது போதும். புதுசாக வாங்கினால் இரண்டு வாரம் வீட்டுக்குள் போட்டு நடக்கட்டும், அங்கே போய்க் கடித்தால் அன்றைக்கு ராத்திரி வீண். டைனிங் ரூமிலும் தியேட்டரிலும் ஏசி குளிரும், பாவாடைக்குப் பொருத்தமாக ஒரு ஸ்டோல் கையில் இருக்கட்டும். அறைச் சுவர் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி ஒட்டும். நாலைந்து கொண்டு போனால் உடைகளைத் தனித்தனியாக மாட்டிவிடலாம், அலமாரி சின்னது.

முதல் நாள் பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், அதனால் அன்றைக்குப் போட ஒரு செட் கைப்பையில் வேண்டும். கடைசி இரவும் பெட்டியை வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் காலை உடுப்பையும் செருப்பையும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்ட பிறகு வெளியே வையுங்கள்.

துணி எடுத்ததும் நிறத்தைச் சொல்லுங்கள், லைனிங் எது போடலாம் என்று சொல்கிறேன். தையற்காரரிடம் அளவு கொடுக்கப் போகும்போது அந்தக் காலணியையும் எடுத்துப் போங்கள். அதைப் போட்டுக்கொண்டு நேராக நிற்க வைத்து, இடுப்பிலிருந்து தரைக்கு அரை அங்குலம் மேலே வரை அளவு எடுக்கச் சொல்லுங்கள்.