பவர் சா செயினுக்குச் சாணை பிடித்த அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

பேராவூரணியிலிருந்து:

பவர் சா, அதாவது மரம் அறுக்கிற மிஷின் ரம்பம், வைத்திருப்பவர்கள் அதன் பல் வைத்த செயினுக்குச் சாணை பிடித்த அனுபவத்தை எழுதுங்கள், நான் ஆரம்பித்து வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தோப்பில் நின்ற மரத்தைவிடப் படுத்த மரம்தான் அதிகம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மரம் அறுக்கிற ஆட்களுக்கு அப்போது இருந்த கிராக்கியில் எங்கள் முறை என்றைக்கு வரும் என்றே தெரியவில்லை. நானும் மச்சானும் பணம் போட்டு 18 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற பட்டை) உள்ள மிஷின் ஒன்று வாங்கினோம். முதல் நாள் வாழைத்தண்டு அறுப்பது போல இறங்கியது. மறுநாள் மதியத்துக்குள் மொக்கை.

தென்னைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. ஒவ்வொரு துண்டுக்கும் அந்த வைரத்தைச் செயின் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை கடக்க வேண்டும். விழுந்து கிடந்த மரம் என்பதால் மேலெல்லாம் மண்ணும் மணலும். இதையெல்லாம்விடப் பெரிய எமன் எலித்தகரம்தான். எலி ஏறக்கூடாது என்று அப்பா அந்தக் காலத்தில் மரத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார். தகரம் துருவேறி உதிர்ந்து போச்சு, ஆணி மட்டும் உள்ளேயே இருக்கு, வெளியே பார்த்தால் தெரியாது. கிறீச்சென்று ஒரு சத்தம், ஒரு கொத்துப் பொறி, அவ்வளவுதான், இடப்பக்கத்துப் பல் பாதிக்கு மேல் மூக்கு போய்விட்டது.

சாதாரணமாக மழுங்கியதென்றால் ரவுண்டு அரத்தில் பல்லுக்கு மூன்று நாலு இழுப்பு போதும். ஆணியில் அடிபட்ட பல்லுக்கு முப்பது இழுத்தும் கூர் வரவில்லை. என் செயினில் 36 பல், இடப்பக்கம் வலப்பக்கம் என்று மாறி மாறிப் பாதிப் பாதி. கரண்ட் வந்ததும் செயினைக் கழற்றி டவுனில் ஒரு பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்தது உளியும் கடப்பாரையும் தீட்டுகிற ரெட்டைக்கல் பெஞ்ச் கிரைண்டர். பட்டறைக்காரர் செயினைக் கையில் பிடித்து ஒவ்வொரு பல்லாகக் கல்லில் வைத்து அழுத்தினார், பத்து நிமிடத்தில் முடித்தும் கொடுத்துவிட்டார். பல் பளபளவென்று இருந்தது, நுனியில் மட்டும் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம் ஓடியிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அது என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தோப்பில் நாலு துண்டு தாங்கவில்லை. சரி, அரம் போடலாம் என்று உட்கார்ந்தால் அரம் சில பல்லில் கடிக்கவே இல்லை, கண்ணாடியில் தேய்ப்பது போல வழுக்கிக்கொண்டு போனது. சூட்டில் எஃகின் பதம் கெட்டுப் போயிருந்தது. புதுச் செயின், குப்பைக்குப் போனது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தக் கிரைண்டர் அந்த வேலைக்கானதே இல்லை.

செயினுக்கென்று வருகிற பெஞ்ச் கிரைண்டர் வேறு. கல் மெல்லிசு. மோட்டாரும் கல்லும் ஒரு கீலில் மாட்டி, அரிவாள்மணையில் கை இறங்குகிற மாதிரி மேலிருந்து கீழே இறங்கும். அடியில் செயினைப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், அது இடமும் வலமும் திரும்பும், டிகிரி குறித்திருக்கும். முதலில் 85 வாட் மோட்டார் உள்ள சின்னது வாங்கினேன். எங்கள் பக்கம் மாலையில் வோல்டேஜ் இறங்கிவிடும், கல் பல்லைத் தொட்டதும் மோட்டார் மூச்சு வாங்கும், நம் கை தன்னை அறியாமல் அழுத்தும், மறுபடியும் நீலம். ஒரு வருடம் ஓட்டிவிட்டு 145 மில்லிமீட்டர் கல் போடுகிற பெரிய மிஷினுக்கு மாறினேன். சின்னது உதவாது என்று சொல்ல வரவில்லை, அதை வைத்திருப்பவர்கள் காலை வோல்டேஜில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் இடம் முக்கியம். வைஸ் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் செயின் தடையில்லாமல் கீழே தொங்கும். நான் முதலில் மேசை நடுவில் போல்ட் போட்டுவிட்டு, செயின் குவிந்து குவிந்து வைஸை இழுக்க, ஏன் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு நீளத்தில் வருகிறது என்று இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். உயரம் நெஞ்சளவுக்கு இருந்தால் குனியாமல் பல்லைப் பார்க்கலாம்.

கல்லை மாட்டும் முன் நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவைத்து ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டுவோமே, அதேதான். கணீரென்றால் நல்ல கல், பொத்தென்றால் உள்ளே விரிசல், தூக்கிப் போட்டுவிடுங்கள், காசு போனால் போகட்டும். கல்லில் எழுதியிருக்கும் வேகம் மோட்டார் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாட்டியதும் மூடியைப் போட்டு, ஓரமாக நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள், நேர் எதிரே நிற்காதீர்கள். கண்ணாடி போடாமல் சுவிட்சில் கை வைக்கவே கூடாது. தோளில் துண்டு வேண்டாம், கைலி நுனியும் தொங்கக் கூடாது.

என் செயின் .325 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி, இன்ச் கணக்கில்), அதற்கு 3.2 மில்லிமீட்டர் தடிமன் கல். பெரிய 3/8 செயினுக்கு 4.7. கல்லின் ஓரம் சதுரமாக வரும், கூடவே கொடுக்கிற தீட்டுக்கல்லை வைத்து அந்த ஓரத்தை உருட்டிக்கொள்ள வேண்டும், பல்லின் வளைவு அதில்தான் அமையும். இதைப் பலர் செய்வதில்லை. இன்னொன்று, செயினை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவித் துடைக்காமல் வைஸில் வைக்காதீர்கள். எண்ணெயும் தென்னந்தூளும் கல்லின் துளைகளை அடைத்துவிட்டால் கல் வெட்டாது, வெறுமனே உரசும். உரசினால் சூடு.

இப்போது அந்தத் தொடுகை. இதைத்தான் நான் எழுதவே வந்தேன். கல்லை இறக்கிப் பல்லில் வைத்து நிறுத்தக் கூடாது. தோசைக்கல் சூடாகிவிட்டதா என்று விரல் நுனியில் தொட்டுப் பார்ப்போம் அல்லவா, அந்த அளவுதான். தொடு, எடு, தொடு, எடு. ஒரு தொடுகை அரை விநாடி. 'சிக், சிக்' என்று சின்னச் சத்தம் வரும், பொறி நாலைந்து பறக்கும். சத்தம் நீண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று ஆனால் நீலம் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்று தொடுகைக்கு ஒரு தரம் பல்லின் மேல்தட்டு ஓரத்தைப் பாருங்கள், வெளிச்சத்தில் வெள்ளைக் கோடு மாதிரி மின்னினால் இன்னும் மழுக்கம் இருக்கிறது, கோடு மறைந்து கறுத்துவிட்டால் கூர் வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு தொடுகைகூட வேண்டாம். நிறைய எடுக்க வேண்டிய செயின் என்றால் ஒரே தடவையில் எடுக்காமல் செயினை முழுச் சுற்று சுற்றி வந்து, ஆறவிட்டு, இரண்டாவது சுற்றில் எடுக்கிறேன்.

எந்தப் பல் ரொம்பக் குட்டையோ அதை முதலில் கண்டுபிடித்து, கல் இறங்கும் ஆழத்துக்கான ஸ்க்ரூவை அந்தப் பல்லுக்கு வைத்துப் பூட்டிவிட்டு மற்றதையெல்லாம் அந்த நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். மனசு வலிக்கும், நல்ல பல்லையும் தேய்க்கிறோமே என்று. வேறு வழியில்லை. ஒரு பக்கத்து 18 பல்லையும் 30 டிகிரியில் முடித்துவிட்டு வைஸைத் திருப்பி மறுபக்கம். அப்புறம் பல்லுக்கு முன்னால் திமில் மாதிரி நிற்கிற ரேக்கர். பல் குட்டையாகக் குட்டையாக மேல்தட்டும் தாழ்ந்துகொண்டே வரும், ரேக்கர் மட்டும் அதே உயரத்தில் நின்று பல்லை மரத்தைத் தொடவிடாது. கூராக இருந்தும் செயின் தூளைத் துப்புகிறது என்று புலம்புகிறவர்கள் அங்கே பாருங்கள். கேஜ் வைத்து, பல் நுனியைவிட 25 தவ் (ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் 25 பங்கு) இறக்கத்துக்குத் தட்டை அரத்தால் ராவினால் மறுபடி சீவல் சீவலாக விழும். அதிகம் ராவினால் மிஷின் மரத்தைக் கவ்விக்கொண்டு கையை உதறும், அது ஆபத்து.

முடிந்ததும் செயினை ஒரு இரவு எண்ணெயில் போட்டுவைப்பேன், கல்தூள் இறங்கிவிடும்.

கூடலூரிலிருந்து:

அண்ணன் சொன்ன தொடுகை நூற்றுக்கு நூறு சரி. எனக்கு வேறு மாதிரி ஒரு பாடம். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கைக் கவாத்து எடுப்பது எங்கள் வேலை. கிரைண்டர் வாங்கிய புதிதில் சாணை பிடித்த செயின் எல்லாம் ஒரு பக்கமாகவே வளைந்து அறுத்தது. நேராகத்தான் பிடிப்பேன், உள்ளே போகப் போக வலப்பக்கம் வாங்கிக்கொண்டு பார் மரத்தில் சிக்கிக்கொள்ளும். பார் வளைந்துவிட்டதோ என்று மாற்றிப் பார்த்தேன், அதே வளைவு.

கடைசியில் வெர்னியர் (நுட்பமாக அளக்கிற கருவி) வைத்து அளந்தேன். ஒரு பக்கத்துப் பல் மற்றதைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளம். கோளாறு வைஸில் இருந்தது, திருப்பும்போது நடுப்புள்ளியில் நிற்காமல் ஒரு பக்கம் தள்ளி நின்றது. ஸ்க்ரூ அளவை மாற்றாமல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும் என்று நம்பியது என் தப்பு. இப்போது இடப்பக்கத்தில் ஒரு பல், வலப்பக்கத்தில் ஒரு பல், இரண்டை மட்டும் முதலில் பிடித்து அளந்து, சரியாகும்வரை ஸ்க்ரூவைத் திருகிக் குறித்துக்கொண்டு அதன் பிறகுதான் மீதியைத் தொடுகிறேன். இரண்டு நிமிட வேலை, ஒரு பார் விலையை மிச்சப்படுத்துகிறது.

இன்னொரு விஷயம், நான் கிரைண்டரை இப்போது மாதம் ஒரு தடவைதான் எடுக்கிறேன். தினசரிக் கூருக்கு டேங்க் ஒவ்வொன்றுக்கும் பெட்ரோல் ஊற்றும்போதே அரத்தில் இரண்டு இழுப்பு. கல்லில் பல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

பண்ருட்டியிலிருந்து:

எங்கள் வீட்டில் மரம் அறுப்பது அவர், சாணை பிடிப்பது நான். பலா மரத்துக் கிளை அறுத்துவிட்டு வந்தால் செயின் முழுக்கப் பால் ஒட்டியிருக்கும், மண்ணெண்ணெயில் ஊறவைக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. முந்தானையை இறுக்கிச் செருகி, கொண்டையைத் துணியால் கட்டிக்கொண்டுதான் மிஷின் முன்னால் உட்காருவேன், சுற்றுகிற எதன் பக்கத்திலும் தொங்குகிற எதுவும் இருக்கக் கூடாது. எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்து போகாமல் இருக்க முதல் பல்லில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைப்பேன், மண்ணெண்ணெய்க்கும் அது போகாது.

எனக்கு ஒரு சந்தேகம். பழைய செயின் ஒன்றில் நாலு பல் நீலம் பாய்ந்துவிட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. தூக்கிப் போட வேண்டுமா?

பேராவூரணியிலிருந்து:

வேண்டாம் அக்கா. நீலம் மேலாக இருந்தால் காப்பாற்றலாம். கல்லின் ஓரத்தைத் தீட்டுக்கல்லால் புதுசாக்கிவிட்டு, அந்த நாலு பல்லையும் நூலிழை நூலிழையாக, நடுவில் நன்றாக ஆறவிட்டு, நீலம் போய் வெள்ளை எஃகு தெரியும்வரை பின்னுக்குக் கொண்டுபோங்கள். பிறகு அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் கடித்தால் பல் பிழைத்துவிட்டது, மற்ற பற்களையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வழுக்கினால் இன்னும் உள்ளே போயிருக்கிறது. பல்லின் பின்பக்கம் மேல்தட்டில் சாய்வாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு வரை வந்தும் வழுக்கினால் செயினை மாற்றிவிடுங்கள். கோட்டைத் தாண்டிய பல் ஓட்டத்தில் முறிந்து பறக்கும்.

கூடலூர் தம்பி, உங்கள் வெர்னியர் யோசனையை இன்று சாயங்காலம் என் வைஸில் பார்த்தேன். எனக்கும் இரண்டு பக்கத்துக்கும் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது, இத்தனை வருடமாகக் கவனிக்கவில்லை.