ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை ஆன்லைன் கோர்ஸ்: மதுரைப் பக்கம் பார்த்தவரையில் எது நிற்கிறது, எது பாதியில் போகிறது

ஒத்தக்கடை, மேல்நிலைப் பள்ளி கணினி ஆசிரியர்:

பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்த சர்டிபிகேட் வாங்கினா இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கூடுதல் மார்க் உண்டா சார்?" கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குத்தான் கட்-ஆஃப். ஆன்லைன் சான்றிதழுக்கு அதில் இடமே இல்லை. சேர்க்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். மார்க்குக்காகச் சேர்ந்த பிள்ளை மூன்றாவது வாரம் நின்றுவிடும். ஒரு வேலையைக் கையால் செய்து பார்க்கச் சேர்ந்த பிள்ளைதான் கடைசிவரை போகும்.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு விஷயம் வேறு. ஒன்பது, பத்தில் செயற்கை நுண்ணறிவு (பாடக் குறியீடு 417), தகவல் தொழில்நுட்பம் (402) போன்ற திறன் பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 50, செய்முறை 50 என்று மதிப்பெண் உண்டு. ஆறாவது பாடமாக எடுத்துத் தேறியிருந்தால், பத்தாம் வகுப்பில் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் ஏதாவது ஒன்றில் தவறினாலும் அதன் இடத்தில் இந்தப் பாடம் வந்து நிற்கும். ஆனால் பள்ளி அந்தப் பாடத்தை நடத்தி, போர்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். வெளியே தனியாக முடித்த ஆன்லைன் கோர்ஸ் அதற்கு ஈடாகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

என்பிடெல் (ஐஐடிகள் சேர்ந்து நடத்துகிற ஆன்லைன் பாடத்தளம்) எடுக்க நினைக்கிற பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு: வீடியோ பார்ப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் கட்டி நேரில் தேர்வு எழுத வேண்டும். மதுரையிலேயே மையம் உண்டு. கோர்ஸில் சேர்வது ஒன்று, தேர்வுக்குப் பதிவு செய்வது இன்னொன்று. சேர்ந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டு, பதிவு தேதி போன பிறகு விழிப்பவர்கள் ஒவ்வொரு பருவமும் உண்டு. எட்டு வாரக் கோர்ஸில் எட்டு அசைன்மென்ட், அதில் நல்ல ஆறை எடுத்து 25க்குக் கணக்கிடுவார்கள், தேர்வு 75க்கு. அசைன்மென்டில் 10, தேர்வில் 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஆக இரண்டு வாரம் தவறலாம். ஜூலைப் பருவத்தில் சேர்ந்தால் அந்த இரண்டையும் காலாண்டுத் தேர்வு வருகிற செப்டம்பருக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். ஜூலையிலேயே உடம்பு சரியில்லை, குலசாமி கும்பிடு என்று செலவழித்துவிட்டால் செப்டம்பரில் கைவசம் எதுவும் இருக்காது. பிளஸ் டூ பிள்ளைக்கு ஜனவரிப் பருவம் வேண்டவே வேண்டாம். மார்ச்சில் பொதுத்தேர்வு.

திருமங்கலம், தட்டச்சுப் பயிலகம் நடத்துபவர்:

சார் சொன்ன "கையால் செய்கிற வேலை"க்குத் தமிழ்த் தட்டச்சைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். ஒன்பதாவது பிள்ளைக்குத் தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுங்கள். விண்டோஸ் 10இல் 2019 மே அப்டேட்டிலிருந்து அது கூடவே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. மெய்யை அடித்து, பிறகு உயிரை அடித்தால் உயிர்மெய் தானாகச் சேரும்.

"மதுரை" அடித்துப் பாருங்கள். கே (K) அடித்தால் ம. எல் (L), டி (D) அடித்தால் து. எம் (M), ஆர் (R) அடித்தால் ரை. ஐந்தே தட்டு. "அம்மா"வுக்கு ஏ, கே, கே, க்யூ (A, K, K, Q), நான்கு தட்டு. ஒரே மெய் இரண்டு தரம் வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். பிள்ளைகள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். "பப்பாளி" அடிக்கும்போது முதல் ப-வின் மேலேயே புள்ளி விழும். முதல் ப-வுக்குப் பின் ஒரு அ அடித்துவிட்டுத் தொடர்ந்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் பேக்ஸ்பேஸிலேயே கை பழகிவிட்டால் வேகம் ஏறாது.

கல்யாணப் பத்திரிகை அச்சகங்களில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துரு ஓடுகிறது. அதில் அடித்ததை எடுத்து இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை) கற்றுத்தருகிற ஆன்லைன் கோர்ஸில், பழைய எழுத்துருவை எங்கும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றுவது பாடமாக இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். அரசுத் தட்டச்சுத் தேர்வு தனி: இளநிலை நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை 45. அதற்குப் பயிலகத்துக்கு வந்து மெஷினில் பழகித்தான் ஆக வேண்டும். வீடியோ பார்த்து விரல் பழகாது.

அண்ணா நகர், எக்செல் – டேட்டா பயிற்சியாளர்:

டேட்டா அனாலிசிஸ் என்று பெரிய பெயரில் விற்கிற கோர்ஸ்களில் பயிற்சிக்குக் கொடுப்பது ஏதோ வெளிநாட்டுக் கடையின் விற்பனைப் பட்டியல். பிள்ளைக்கு அது ஒட்டுவதில்லை. அதே பாடத்தை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையில் செய்யச் சொல்லுங்கள். மல்லிகை, பிச்சி, கனகாம்பரம், தினம் கிலோ என்ன விலை, 60 நாள். செய்தித்தாளில் வருவதைக் குறித்தாலே போதும்.

கூகுள் ஷீட் திறந்ததும் ஒரு எண்கூட அடிப்பதற்கு முன்னால் ஃபைல், செட்டிங்ஸ், லொகேல் (எந்த நாட்டு வழக்கம் என்று சொல்கிற இடம்) போய் இந்தியா வையுங்கள். அது அமெரிக்கா என்று இருந்தால் 05/06 என்பதை ஜூன் 5 என்று எடுக்காமல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 12ஆம் தேதி தாண்டினால் அப்படி ஒரு மாதமே இல்லை, அதனால் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை தவறான தேதி, மீதி தேதியே இல்லை. வரைபடம் போட்டதும் ஜூன் மாத விலை ஒரு வருஷம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: தேதியாக ஏற்றது கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக விட்டது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பிறகு லொகேலை மாற்றினாலும் முன்பு தப்பாக ஏறியது சரியாகாது. திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

விலைக் கட்டத்தில் "600 ரூ" என்று அடிக்கக் கூடாது, கூட்டல் வராது. அலகு தலைப்பில் இருக்கட்டும். அப்புறம் சராசரி. முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறும், மார்கழி தைப் பனியில் வரத்துக் குறைந்து இன்னும் ஏறும். நாலு முகூர்த்தம் சேர்ந்தால் சராசரி உண்மை நிலவரத்தைச் சொல்லாது. விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை, அதாவது மீடியனை, பக்கத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் இரண்டும் இவ்வளவு விலகுகிறது என்று பிள்ளை தானே கேட்கும். புள்ளியியல் புத்தியில் ஏறுவது அப்போதுதான்.

மேலூர், உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியை:

பாடத்துக்கு வெளியே நடக்கிற மூன்று தவறுகளைச் சொல்கிறேன்.

கோர்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது அப்பா நம்பரைக் கொடுப்பார்கள். அவர் வேலைக்குப் போயிருப்பார், ஓடிபி அவர் போனுக்கு வரும், தேர்வுப் பதிவு கடைசி நாளாக இருக்கும். பகலில் வீட்டில் இருக்கிற போன் நம்பரைக் கொடுங்கள்.

பெயர். கடைசிப் பெயர் என்று கேட்கிற கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகப் போட்டுவிடுகிறார்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல்தான் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி, கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை மட்டும் போட்டால் போதும். சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

மூன்றாவது, "ஏழு நாள் இலவசம்". கார்டோ யுபிஐயோ கொடுத்த நிமிடமே ஆட்டோபே அனுமதியும், அதாவது பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதியும், போய்விடுகிறது. ஆப்பை போனிலிருந்து அழித்தால் அது ரத்தாகாது. கோர்ஸ் தளத்தில் சந்தாவை ரத்து செய்து, யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அங்கேயும் நிறுத்த வேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரும், அதை விளம்பர எஸ்எம்எஸ் என்று தள்ளிவிடாதீர்கள்.

உசிலம்பட்டி, பெற்றோர்:

மேடம், தமிழ் மீடியம், வீட்டில் ஒரே ஒரு போன்தான். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வழி?

ஒத்தக்கடை, மேல்நிலைப் பள்ளி கணினி ஆசிரியர்:

ஐயா, ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியலைப் பாருங்கள். லிப்ரே ஆபிஸ் (அலுவலக வேலைக்கு), பைத்தான் (நிரல் எழுத), இங்க்ஸ்கேப் (படம் வரைய) எல்லாம் சுமார் பத்துப் பத்து நிமிட வீடியோவாக, தமிழ்க் குரலிலும் இருக்கிறது, இலவசம். திரையின் ஒரு ஓரத்தில் வீடியோ, பக்கத்தில் மென்பொருள். ஒரு நிமிடம் பார்த்து நிறுத்தி, அதைச் செய்து, பிறகு அடுத்த நிமிடம் என்று போவதற்காக எடுத்த பாடங்கள் அவை. சும்மா பார்த்துக்கொண்டே போனால் பலன் இருக்காது.

வீட்டில் கணினி இல்லாவிட்டால் போனில் பாடம் கேட்கலாம், செய்முறைக்குக் கீபோர்டு வேண்டும். அரசுப் பள்ளி என்றால் ஹைடெக் லேபில் (பள்ளியின் கணினி அறை) பள்ளி விட்ட பின் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் கேளுங்கள். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்பது நல்லது. அந்த நேரத்துக்குள் வீடியோ பார்க்க வேண்டாம். அதை முந்தின நாளே போனில் 360பியில் (டேட்டா குறைவாகச் செலவாகிற வீடியோ தரம்) பார்த்து, செய்ய வேண்டியதை நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு போனால் ஒரு மணி நேரமும் கீபோர்டுக்கே கிடைக்கும்.