பாலைவனக் களப்பயணம்: 16 பேருக்கு எந்த வண்டி?

கல்சுத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். வரும் டிசம்பரில் இறுதியாண்டுப் பிள்ளைகள் 14 பேரை ஜெய்சல்மேருக்குக் களப்பயணம் கூட்டிப்போகிறோம். என்னோடு இன்னொரு ஆசிரியரும் வருகிறார். மொத்தம் 16 பேர், 8 நாள். ஆகல் பூங்காவில் கல்லாகிப்போன மரங்கள், குல்தரா பக்கத்துச் சுண்ணாம்புக்கல், ஹாபூர், கடைசியில் சம் மணல்மேடுகள். 2023-இல் தாரோசாரஸ் என்று ஒரு டைனோசரை அறிவித்தார்களே, 16 கோடியே 70 லட்சம் ஆண்டுப் பழசு, அது ஜெய்சல்மேர் பாறையில் கிடைத்ததுதான். அதைச் சொன்ன நாளிலிருந்து பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வண்டி விஷயம். "நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வண்டி ஒன்று வாங்கிவிடலாம், வருஷா வருஷம் உதவும்" என்று நிர்வாகம் சொல்கிறது. தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றையும் ஷோரூமில் பார்த்துவிட்டேன். தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, அதாவது அடி உயரம், தாருக்கு 226 மி.மீ., ஜிம்னி 210, ஐந்து கதவு கூர்க்கா 233 என்று எண்களை ஒப்பிக்கிறார்கள். அதை வைத்து என்ன முடிவெடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலைக் காட்ட ஒரு வாடகை வேனில் போனோம். டிரைவர் "இதெல்லாம் சும்மா மேடம்" என்று மண்பாதையில் இறக்கினார். 50 அடி கூடப் போகவில்லை, பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி குழிக்குள் உட்கார்ந்துகொண்டே போனது. 3 மணி நேரம் வெயிலில் தள்ளினோம். தண்ணீர் தீர்ந்து, ஒரு மாணவி மயங்கி என் மடியில் சாய்ந்தாள். அன்று இரவு அவள் அம்மாவுக்குப் போன் செய்தபோது எனக்குக் குரலே எழவில்லை. திருச்செந்தூர் ரோடு கூப்பிடுதூரத்தில் இருந்த இடம் அது. ஜெய்சல்மேரில் அப்படி நடந்தால்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அருப்புக்கோட்டை ஹவில்தார் எழுதியது:

மேடம், ராணுவத்தில் 17 வருஷம் வண்டி ஓட்டினேன். அதில் 3 வருஷம் ஜெய்சல்மேர் பக்கம். ஜிப்ஸி, ஸ்டாலியன் லாரி இரண்டும் என் கையில் இருந்தன. அந்தப் பிள்ளை மயங்கியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் சொன்ன இடங்களில் பெரும்பாலும் மணல் கிடையாது, கல்தான். ஆகல் ஜெய்சல்மேரிலிருந்து 17 கி.மீ., பார்மர் ரோட்டில் போகணும், தார்ச்சாலை உண்டு. குல்தராவுக்கும் நல்ல ரோடுதான். ரோட்டை விட்டு இறங்கினால் தட்டுத் தட்டாகக் கல். அதன் விளிம்பு டயரின் பக்கத்தைக் கிழிக்கும். நடுவில் தேய்ந்த டயர் கூட ஓடிவிடும், பக்கம் கிழிந்தால் ஒட்ட முடியாது. அங்கே உங்களுக்கு வேண்டியது கெட்டியான டயர், உயரமான அடி, வண்டிக்கு 2 ஸ்டெப்னி. ஃபோர் வீல் தேவைப்படுவது சம் மணலில் இருக்கிற நேரத்துக்கு மட்டும். அதற்காக ஒரு வண்டியை வாங்கி, 2,000 கி.மீ.க்கு மேல் ஓட்டிக்கொண்டு போவதா? வேண்டாம் மேடம்.

சீட்டையும் எண்ணிப் பாருங்கள். தார் மூன்று கதவு வண்டியிலும் ஜிம்னியிலும் 4 பேர்தான், டிரைவர் போக 3. உங்கள் 16 பேருக்கு 6 வண்டி வேண்டும். கூர்க்கா ஐந்து கதவு வண்டியில் 7 சீட், டிரைவர் போக 6. 3 வண்டியில் அடங்கும். நிர்வாகம் தரும் ஒரு வண்டி எந்தக் கணக்கிலும் வராது. "நெருக்கி உட்காரலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய ஜீப்பில் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார வைப்பார்கள், அதில் பெல்ட் கிடையாது. மணல்மேட்டின் முகட்டில் வண்டி ஏறி இறங்கும்போது பெல்ட் இல்லாத ஆளின் தலை கூரையில் இடிக்கும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மணலுக்கு ஒற்றை வண்டி போகவே கூடாது. சிக்கினால் இழுக்க இன்னொன்று வேண்டும்.

இப்போது உங்கள் வேனுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். ரோட்டில் ஓடும் டயரில் 32, 35 பி.எஸ்.ஐ. என்று காற்று இருக்கும். அந்தக் காற்றோடு மணலில் இறங்கினால் டயர் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகும். நாங்கள் மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி 18-க்கு இறக்கிவிடுவோம். டயர் அகலமாவதை விட நீளமாக மண்ணில் படியும், வயிறு லேசாகப் பிதுங்கும். ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள், மெத்தை மாதிரி விரிந்து படியும், அதே வேலைதான். 15-க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி காற்று நிரப்பணும், இல்லாவிட்டால் சூட்டில் டயர் வெடிக்கும். அதனால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வைத்திருக்காத டிரைவர் உங்களுக்கு வேண்டாம். வண்டி பேசும்போது முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.

சக்கரம் சுழன்றால் உடனே காலை எடுக்கணும். உங்கள் டிரைவர் மிதித்த ஒவ்வொரு மிதியும் ஒரு மண்வெட்டிக் குழி. சிக்கிவிட்டால் எல்லோரையும் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, நனைத்த சணல் சாக்கை விரித்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்கணும். கயிறு கட்டி இழுக்கும்போது கயிற்றுக்கு நேரே ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டையாக வரும்.

வில்லாபுரம் டீசல் எழுதியது:

ஹவில்தார் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. மெக்கானிக் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நிர்வாகம் வாங்கியே தீருவோம் என்றால் கூர்க்காவைச் சொல்வேன். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் கம்பெனியிலேயே வருகிறது. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் மணலில் சுழல ஆரம்பித்தால் இழுவை எல்லாம் அதற்கே போய்விடும், எதிர்ச்சக்கரம் சும்மா நிற்கும். லாக் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றியாக வேண்டும். ஜிம்னி எடை குறைவு, மணலில் மிதந்து போகும், ஆனால் 4 பேரோடு கல் மூட்டையும் ஏற்ற அது தாங்காது. செகண்ட் ஹேண்ட் ஃபோர் வீல் ஜீப் பார்த்தால், லோ கியர் கம்பியைப் போட்டு 100 அடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அடியில் குனிந்தும் பாருங்கள். பல வண்டிகளில் கம்பி மட்டும் இருக்கும், முன்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்திருப்பார்கள்.

என் அப்பா தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டியவர். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு போடும் முன்பு எல்லாம் மணல்தான். அவர் ஓட்டும்போது நான் கிளீனர். முன்னால் போன வண்டியின் தடத்தை விட்டு ஒரு அடி விலக மாட்டார். பிரேக்கும் மிதிக்க மாட்டார். காலை எடுத்தால் மணலே வண்டியை நிறுத்திவிடும் என்பார். பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து அணை கட்டும், திரும்பக் கிளப்ப முடியாது.

கல்சுத்தி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தூக்கம் வராமல் இரண்டு முறை படித்தேன். இன்னும் சில சந்தேகம். நாங்கள் பாறை மாதிரிகள் சேகரிப்போம். ஒருவருக்கு 4, 5 கிலோ என்றாலும் மொத்தம் 60, 70 கிலோ ஆகிவிடும். வழக்கமாக மேலே கேரியரில் கட்டிவிடுவோம். அது சரியா? இன்னொன்று, மணல் கெட்டியா, பொலபொலப்பா என்று இறங்குவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? பாறை என்றால் சுத்தியால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன், மணல் எனக்குப் பழக்கமில்லை.

அருப்புக்கோட்டை ஹவில்தார் எழுதியது:

கேரியரில் கல் ஏற்றவே கூடாது மேடம். மணல்மேட்டில் சரிவாக நிற்கும் வண்டியின் தலையில் 70 கிலோ இருந்தால் கவிழ்ந்துவிடும். கல்லைத் தரையோடு, பின் அச்சுக்கு மேலே, சாக்கில் கட்டி வையுங்கள். தண்ணீர் கேனும் அங்கேயேதான். மேட்டில் ஏறுவதானால் நேராக ஏறணும், இறங்குவதும் நேராகத்தான். குறுக்கே சாய்ந்து போகும் டிரைவரை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மணலுக்கு என் வழி இது. இறங்கி நடந்து, குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. செருப்பின் அடி மட்டும் பதிந்தால் போகலாம். விரல் மூடும் அளவு போனால் காற்றை இறக்கிவிட்டுப் போகலாம். கணுக்கால் வரை போனால் வண்டி அங்கேயே நிற்கட்டும், நடந்து போய்ப் படியுங்கள். காலையில் பனி ஈரத்தில் மணல் இறுகி இருக்கும். அதே தடம் மதியம் 1 மணிக்கு மாவாகிவிடும். அதனால் மணல் வேலையை விடிகாலையில் முடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு கல் பக்கம் வாருங்கள். டிசம்பர் ராத்திரியில் குளிர் நடுக்கும், பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பார்மர் தம்பி எழுதியது:

அக்கா, நான் மேலூர்க்காரன், பார்மரில் வேலை பார்க்கிறேன். இங்கே எங்கு திரும்பினாலும் பொலிரோ கேம்பர்தான். முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் சாமான் தொட்டி, அதனால் கல் மூட்டைக்கு அதை விட்டால் வண்டி இல்லை. ஆனால் எல்லாக் கேம்பரும் ஃபோர் வீல் இல்லை, கேட்டு வாங்குங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவான்.

இங்கேயும் நம்ம ராமநாதபுரம் மாதிரி சீமைக்கருவேலம் நிறைய. அந்த முள்தான் பஞ்சருக்குப் பாதிக் காரணம். டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்றை நீங்களே கொண்டுவாருங்கள், ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரியை, அதாவது புழுவை, போட ஒரு பையனைப் பழக்கிவிடுங்கள். சம் பக்கம் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது, கானமயில் வாழும் இடம். அதற்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். எல்லைப் பக்கம் போவதானால் அங்குள்ள நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மாணவர் பட்டியலோடு. ஆகலில் ஒரு சின்னத் துண்டு கூட எடுக்கக் கூடாது, அது உங்களுக்கே தெரியும்.

கல்சுத்தி எழுதியது:

இன்று முதல்வரிடம் பேசிவிட்டேன். வண்டி வாங்கவில்லை. ஜோத்பூர் வரை ரயில். அங்கிருந்து 8 நாளுக்கும் மஞ்சள் போர்டு டிராவலர் ஒன்று, கல்லுக்கும் ரோட்டுக்கும். சம் மணலுக்கு மட்டும் ஜெய்சல்மேரிலேயே டிரைவரோடு 4 ஃபோர் வீல் கேம்பர். கேம்பரில் டிரைவர் போக 4 பேர், 16 பேருக்கும் பெல்ட் போட்ட சீட். ஏர் பம்ப் இருக்கிறதா என்று கேட்டதும் ஒரு வண்டிக்காரர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர் வீடியோ காலில் பம்பையும் மண்வெட்டியையும் எடுத்துக் காட்டினார். அவரிடமே பேசி முடித்துவிட்டேன். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வண்டிக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் ஒரு ஒத்திகைக்குக் கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு மறுபடி தேரிக்குப் போகிறோம், முறையாக அனுமதி வாங்கி, காப்புக்காட்டுக்கு வெளியே. காற்று இறக்கவும், தோண்டவும், சாக்கு போடவும் அவர்களே கற்றுக்கொள்ளட்டும். போன தடவை மயங்கி விழுந்தவள்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். ஹவில்தார் ஐயா, அன்றைக்கு நீங்கள் வந்து நின்று சொல்லிக்கொடுக்க முடியுமா?

வில்லாபுரம் டீசல் எழுதியது:

மேடம், என் பட்டறையில் ஒரு ஃபோர் வீல் ஜீப் நிற்கிறது. முன் ஷாஃப்ட் இருக்கிறது. டீசல் மட்டும் போட்டால் போதும், நானே ஓட்டி வருகிறேன்.

அருப்புக்கோட்டை ஹவில்தார் எழுதியது:

வருகிறேன் மேடம். நீங்கள் அருப்புக்கோட்டை வழியாகத்தானே வருவீர்கள், காலை 5 மணிக்கு பைபாஸில் நிற்கிறேன். மண்வெட்டி என்னிடம் 2 இருக்கிறது, சாக்கு மட்டும் 8 கொண்டுவாருங்கள். சணல் சாக்காக இருக்கட்டும், பிளாஸ்டிக் சாக்கு சக்கரத்துக்கடியில் வழுக்கும்.