ஈபிஎஃப் தேடினால் இந்தியா வருகிறது: இதைத் தோல்வி என்று மதிப்பிடலாமா?

ஹட்டன்வாசி:
நாங்கள் இலங்கையில் ஹட்டனில் இருக்கிறோம். அம்மா 50 வயதில் தோட்ட வேலையை விட்டார். அவருடைய ஈபிஎஃப்பை, அதாவது ஊழியர் சேமலாப நிதியை, எடுக்க வேண்டும். "ஈபிஎஃப் பணம் எடுப்பது எப்படி" என்று போனில் தமிழில் தேடினேன். முதல் பக்கம் முழுக்க இந்தியாவின் ஆதார் இணைப்பு, அங்குள்ள ஈபிஎஃப் உறுப்பினருக்குத் தரும் யூஏஎன் எண். எங்களுக்கு வேண்டியது பணத்தைக் கேட்டு இங்குள்ள தொழில் திணைக்களத்தில் கொடுக்கும் கே படிவம். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தேடுபொறியின் முடிவுகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் தோல்வி என்றுதான் போடுவேன்.

பண்டாரவளை வாசகர்:
அவசரப்படாதீர்கள் தம்பி. இரண்டு நாட்டிலும் ஈபிஎஃப் என்றே சொல்கிறார்கள். தமிழில் தேடுவோரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக்காரர்கள். 'இலங்கை' என்று ஒரு சொல் சேர்க்காமல் விட்டது நீங்கள். அந்தப் பக்கங்களில் தப்பு ஒன்றும் இல்லையே?

ஹட்டன்வாசி:
தப்பில்லை அண்ணா, ஆனால் அம்மாவுக்கு உதவாது. தேடல் முடிவுகளுக்கு மதிப்பெண் போடும் தன் மதிப்பீட்டாளர்களுக்காகக் கூகுள் வெளியிட்டுள்ள கையேடு பக்கத்தின் தரத்தை ஒரு கேள்வியாகவும், தேடியவரின் தேவை நிறைவேறியதா என்பதை வேறொரு கேள்வியாகவும் கேட்கிறது. நல்ல பக்கமும் இரண்டாவதில் அடிமட்டத்துக்குப் போகலாம். தேடியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் பார்க்கச் சொல்கிறது. ஹட்டனில் நின்று பஸ் நேரம் தேடுகிறவருக்கு மதுரை பஸ்ஸைக் காட்டினால் சரி என்பீர்களா? அதுவும் இது பண விஷயம். இங்கே ஈபிஎஃப்புக்குச் சம்பளத்தில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்டுகிறார்கள். இந்தியாவில் இருவரும் 12. அதைப் படித்துவிட்டுக் கணக்குப் பார்த்தால் தோட்டத்தில் பணத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று அம்மா பதறிப்போவார்.

தலவாக்கலை ஆசிரியை:
பெண்கள் 50 வயதில், ஆண்கள் 55 வயதில் எடுக்கலாம் என்பதையே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பலர் வாய்வழியாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதைத் தமிழில் தெளிவாக எழுதிவைத்த பக்கமே இல்லையென்றால் தேடுபொறி எதைக் காட்டும்?

பண்டாரவளை வாசகர்:
அதைத்தான் நானும் கேட்கிறேன் டீச்சர். இன்னொன்று, மதிப்பீட்டாளர் போடும் மதிப்பெண்ணால் எந்தப் பக்கமும் நேரடியாக ஏறுவதோ இறங்குவதோ இல்லை. தேடல் முறையில் செய்யும் மாற்றம் பயன்படுகிறதா என்று பார்க்கத்தான் அது. தோல்வி என்று போட்டு என்ன ஆகப்போகிறது?

ஹட்டன்வாசி:
அதனால்தான் உண்மையாகப் போட வேண்டும் என்கிறேன். இல்லாத பக்கத்தைத் தேடுபொறியால் காட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் எதுவானாலும் தேவை நிறைவேறவில்லை. நீங்கள் இரக்கப்பட்டு நடுத்தர மதிப்பெண் போட்டால், மலையகத்தில் தமிழில் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவது சோதிப்பவருக்குத் தெரியாமலே போகும்.

பண்டாரவளை வாசகர்:
சரி, அதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாட்டின் பெயர் இல்லாத தேடலுக்கு எல்லாம் இலங்கையாக வர வேண்டியதில்லை. பத்தில் ஒன்று நம்முடையதாக இருந்தால் போதும்.

ஹட்டன்வாசி:
அது முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும் அண்ணா. அதற்குக் கீழே அம்மா விரலை நகர்த்தமாட்டார்.