கலைச்சொல் விவாதம்: கஞ்சத்தனம் வேண்டாம், 'கடுஞ்செட்டு' இருக்கட்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வருமானத்தில் பாதிக்கு மேல் சேமித்து, தன் தேவைகளை இறுக்கிக்கொண்டு வாழும் முறைக்குக் குடும்ப வரவுசெலவுக் கையேட்டில் என்ன சொல் போடலாம் என்பது கேள்வி. இந்த விவாதத்தில் இதுவரை வந்த கஞ்சத்தனம், கருமித்தனம், உலோபம் மூன்றுமே வசவு. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவனுக்கு அவை சரி. பிள்ளை படிப்புக்காகக் காப்பிக்கடைப் பக்கம் போகாமல் வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மூர் சிங்கப்பூரில் சீனர்களின் ஹொக்கியன் பேச்சில் 'கியாம் சியாப்' என்பார்களே, உப்பும் துவர்ப்பும் என்று, அதுவும் இந்த வசவுக் கூட்டம்தான்.

இங்கே ஐயா ஒருவர் சொன்ன 'இவறல்' அருமையான பழஞ்சொல். ஆனால் குறள் 432 அதை அரசனுக்கு ஆகாத குற்றங்களில் முதலில் வைக்கிறது. 'வேண்டும்வழிப் பொருள் கொடாமை' என்பது பரிமேலழகர் உரை. அடுத்தவருக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைப்பது இவறல். நாம் பேசுவது தன் பங்கைக் குறைத்துக்கொள்வது பற்றி.

அதனால் என் பரிந்துரை 'கடுஞ்செட்டு'. செட்டு என்றால் வணிகம், அளவறிந்த செலவு என்று இரண்டும் உண்டு. 'கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்றால் அது பாராட்டு. அந்தக் காலத்து மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளை, அதாவது செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கடைவீடுகளை, நினைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு மரப்பெட்டி, ஒரு சின்னச் சாய்மேசை. பகலில் அதுதான் அலுவலகம். இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுக்கை. அப்படி இருந்த நகரத்தார்தான் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) 1859-இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள், மகமை என்று அறத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். செட்டுக்கும் இவறலுக்கும் உள்ள தூரம் இதுதான்.

அக்கா ஒருவர் சொன்ன 'கடுஞ்சிக்கனம்' உடனே புரியும், மறுக்கவில்லை. ஆனால் சிக்கனம் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பேச்சுக்கும்கூட வருகிறது. செட்டு குடும்பப் பணத்தோடு நிற்கிறது. அப்புறம், ஆளைக் குறிக்க 'கடுஞ்செட்டர்' வேண்டாம், சாதிப் பெயர்போல ஒலிக்கும்; 'கடுஞ்செட்டாளர்' போதும்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் 'செட்டு' புழங்குகிறதா? இல்லையென்றால், கையேட்டில் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே 'மிகுந்த சிக்கனம்' என்று விளக்கம் சேர்த்துவிடலாம்.