ஒரே மேகசினில் பிஸ்டலும் கார்பைனும்: உங்கள் அனுபவம்?

டாலஸ்காரன்

ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. என்னிடம் கிளாக் 19 பிஸ்டல், அதற்கு ஆறு மேகசின் (தோட்டா அடைத்துச் செருகும் பெட்டி). அதையே போட்டு ஓட்டலாமே என்று கெல்-டெக் சப்-2000 கார்பைன் (தோளில் வைத்துச் சுடும் சின்ன நீளத் துப்பாக்கி) ஒன்றைப் பழசாக வாங்கினேன். "கிளாக் மேகசின் போகுமா?" என்றேன். "போகும்" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை மனுஷன். எந்த கிளாக் என்று நான்தான் கேட்கவில்லை.

சுட்டுப் பழகும் ரேஞ்சில் 15 தோட்டா நிரப்பி உள்ளே தள்ளினேன். க்ளிக் சத்தம் வரவில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு. கையை எடுத்ததும் மேகசின் நழுவிக் கான்கிரீட்டில் விழுந்தது. மேலே இருந்த இரண்டு தோட்டா தெறித்து, உருண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கம் கை நீட்டக்கூடாது, தெரியுமே. மிச்ச நேரம் முழுக்க அவை இரண்டும் என் கண்ணெதிரேயே கிடந்தன.

ஆஸ்டின் தம்பி

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், இதில் கடைக்காரரை இழுப்பதே வீண். சப்-2000-இல் மேகசின் கைப்பிடிக்குள் போகும்; பெரிய பிஸ்டலான கிளாக் 17-க்கு ஒரு பிடி, 19-க்கு ஒரு பிடி. 19 பிடியில் 15, 17, 33 தோட்டா மேகசின் எல்லாமே போகும். 17 பிடியில் உங்கள் குட்டை மேகசின் பூட்டும் இடம் வரை எட்டாது. வாங்கும் முன் இரண்டு நிமிஷம் படித்திருந்தால் போதும்.

என் கதை சின்னது. ரூகர் பிசி கார்பைன் வாங்கினேன், முதல் நாளே தோள் வலித்தது. 9 எம்எம் பிஸ்டல் தோட்டாதானே, என்ன உதைத்துவிடப் போகிறது என்று நினைத்துவிட்டேன். இந்த மாதிரி கார்பைன்களில் பெரும்பாலானவற்றில் போல்ட்டுக்கு (தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் இரும்புக் கட்டை) பூட்டு கிடையாது. அதன் கனமும் ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் போல்ட் கனமாக இருந்தாக வேண்டும், அது பின்னால் வந்து இடிப்பதும் தெரியும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: முதலில் பிஸ்டலை முடிவு செய்யுங்கள், அப்புறம் கார்பைன். ரூகரில் மேகசின் நுழையும் கூட்டை மாற்றிக்கொள்ளலாம், ரூகரின் எஸ்ஆர்9, செக்யூரிட்டி-9 பிஸ்டல் வகைக்கு ஒன்று, கிளாக்குக்கு ஒன்று. ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி பிஸ்டல் வைத்திருந்தால் அவர்களுடைய எஃப்பிசி கார்பைனைப் பாருங்கள், பக்கவாட்டில் மடியும். எடையைக் கேளுங்கள்: சப்-2000 சுமார் 4 பவுண்டு, ரூகர் கிட்டத்தட்ட 7. கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் பின்னால் நிற்குமா என்றும் கேளுங்கள். சப்-2000-இல் நிற்காது.

ஹூஸ்டன் மாமா

தம்பி பாடம் எடுத்து முடித்தாயிற்றா? எல்லோரும் பொருந்துமா, பொருந்தாதா என்றே பேசுகிறீர்கள். எனக்கு எல்லாம் பொருந்தியது, அதுதான் வினை.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பின்கட்டில் டமார் என்று சத்தம். கட்டிலருகே இருக்கும் பூட்டுப்பெட்டியைத் திறந்து பிஸ்டலை எடுத்தேன். கையில் லேசாக இருந்தது. அடியில் விரல் வைத்துப் பார்த்தால் வெறும் ஓட்டை. இருந்த நாலு மேகசினும் கார்பைனுக்கென்று ரேஞ்ச் பையில் போய், பை கார் டிக்கியில், கார் வாசலில். குப்பைத்தொட்டியை உருட்டியது ரக்கூன்தான். ஆனால் அந்த ஓட்டையில் விரல் போனது இன்னும் மறக்கவில்லை. இப்போது பிஸ்டலுக்கென்று இரண்டு மேகசினில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். கார்பைன் பட்டினி கிடந்தாலும் அவற்றைத் தொடுவதில்லை.

சிகாகோ வாசி

மாமா சொன்னது சரி. நான் டெக்சஸிலிருந்து இல்லினாய்க்கு மாறியபோது நடந்தது வேறு. 2023 சட்டப்படி இங்கே கைத்துப்பாக்கி மேகசினில் 15 வரை, நீளத் துப்பாக்கியில் 10 வரைதான். என் 15 தோட்டா மேகசின் இடுப்பில் இருந்தால் சரி, கார்பைனில் மாட்டினால் தப்பு! கார்பைனுக்கே இங்கே தனி வில்லங்கம் உண்டு. பெட்டி கட்டும்போது மச்சான் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து வைத்தான், கடைசியில் கார்பைனை டெக்சஸிலேயே விற்றுவிட்டேன்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் ஆசையில் கடைக்குப் போய்விடாதீர்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

டாலஸ்காரன்

ஆஸ்டின் தம்பி, கடைக்காரரை நான் எங்கே இழுத்தேன்? மேலே போய்ப் படியுங்கள்.

17-க்கான மேகசின் மூன்று வாங்கிவிட்டேன். 19-லும் போகின்றன, அடியில் கட்டைவிரல் அகலம் துருத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். மாமா, அந்தச் சிவப்பு டேப் சாதாரண எலக்ட்ரிகல் டேப்தானா?